நொடிந்துபோகும் போர்முலா தொடரைக் காப்பாற்றுவது எப்படி: மட்டக்களப்புக் கணக்கப்பிள்ளை ஒருவரின் முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு செட்டிபாளையம் இருக்கிறது. கோயம்புத்தூரிலும் ஒரு செட்டிபாளையம் இருக்கிறது. முதலாவதில் என் அம்மம்மா வீடு, இரண்டாவதில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார்ப் பந்தயத் தடம். படிக்கப்போன ஊரில் பஸ் பலகையில் அந்தப் பெயரைக் கண்ட ஆசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப்போனேன். அதற்குப் பிறகு மூன்று பருவம் அங்கே ஒரு சின்னப் போர்முலா கார்ப் பந்தயத் தொடருக்குப் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில்லுகள் நாலும் வெளியே தெரிய, ஒற்றை ஆள் மட்டும் உட்கார்ந்து ஓட்டுகிற கார்கள். நான் ஒரு நாளும் ஓட்டியதில்லை. யார் காசு கட்டினார், யார் கட்டவில்லை என்பதுதான் என் வேலை.

இப்போது கல்லடியில் கடைகளுக்கும் கழகங்களுக்கும் கணக்கு எழுதுகிறேன். வளைகுடாவில் ரேஸ் கராஜ்களில் வேலை செய்துவிட்டு வந்த தம்பிமார் சிலர் மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறார்கள். அவர்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அண்ணன், இந்த மாதிரிச் சின்னத் தொடர் எல்லாம் ஏன் நாலு வருசத்தில படுக்குது?" அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். பெரிய அனுசரணையாளர் கிடைக்காததால்தான் தொடர் படுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, ஓட்டுநரால் கட்டுப்படியாகாமல் போகும்போதுதான் படுக்கிறது. அனுசரணையாளர் ஓடுவதெல்லாம் அதற்குப் பிறகு நடப்பது.

முதலில் ஒரு எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஒரு சுற்றின், அதாவது தொடரில் ஒரு தடவை கூடி நடத்துகிற போட்டியின், செலவை இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு பக்கம், ஐந்து கார் வந்தாலும் இருபத்தைந்து கார் வந்தாலும் மாறாத செலவு: தடத்து வாடகை, அம்புலன்ஸ், டாக்டர், மீட்பு வண்டி, தடத்தோரம் கொடி பிடிக்கிற மார்ஷல்களின் சாப்பாடும் பயணமும், காப்புறுதி, நேரம் எடுக்கிற கருவி, அனுமதிக் கட்டணங்கள். மறுபக்கம், ஒரு கார் கூடினால் கூடுகிற செலவு. இது சின்னத் தொகையாகத்தான் இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாறாத செலவு ஒரு சுற்றுக்கு 18 இலட்சம் ரூபாய் என்று வையுங்கள். பதிவுக் கட்டணம் 1 இலட்சத்து 40 ஆயிரம். ஒரு காருக்கு நமக்கு ஆகிற செலவு 20 ஆயிரம். கைக்கு மிஞ்சுவது 1 இலட்சத்து 20 ஆயிரம். 18 இலட்சத்தை அதால் பிரித்தால் 15. இதுதான் உங்கள் எண். 15 கார் வந்தால் கையைக் கடிக்காது.

11 கார்தான் வருகிறது என்றால் சுற்றுக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம் நட்டம். உடனே நிர்வாகக் குழுவில் ஒருவர் எழும்பி, "கட்டணத்தைக் கூட்டுவம்" என்பார். கூட்டிப் பாருங்கள். 1 இலட்சத்து 85 ஆயிரம் ஆக்கினால் காருக்கு 1 இலட்சத்து 65 ஆயிரம் மிஞ்சும், 11 காருக்குச் சரியாக வரும். ஆனால் அந்த விலைக்கு மூன்று பேர் விலகிவிடுவார்கள். மிச்சம் 8 கார், 13 இலட்சத்து 20 ஆயிரம். நட்டம் எவ்வளவு? திரும்பவும் அதே 4 இலட்சத்து 80 ஆயிரம். துண்டு விழுந்தது அப்படியே இருக்கிறது, மூன்று ஓட்டுநர் போனதுதான் மிச்சம்.

கட்டணத்தைத் தொடாமல் இரண்டு நாள் போட்டியை ஒரு நாளாகச் சுருக்கி, மாறாத செலவை 13 இலட்சத்துக்குக் கொண்டுவந்தால், அதே 11 காரில் 20 ஆயிரம் மிஞ்சும். 20 ஆயிரம் என்ன பெரிய காசா என்று கேட்கலாம். மிஞ்சுகிற தொடர் அடுத்த வருடம் இருக்கும்.

இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி நிர்வாகக் குழு கூடுகிற அறைச் சுவரில் ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டாததால் ஒவ்வொரு கூட்டத்திலும் அதையே மறந்துபோய் வெற்றிக் கிண்ணத்தின் உயரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

விலகியவர்களைத் தேடிப்போங்கள்

இருப்பவர்களிடம் கருத்துக் கேட்டால் முறைப்பாடு வரும். விலகியவர்களிடம் கேட்டால்தான் காரணம் வரும். போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள்.

இரண்டாம் பருவத்தின் நடுவில் ஒரு பையன் வராமல் விட்டான். நன்றாக ஓட்டுகிறவன். அவனுடைய அப்பா கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தார். போனபோது மெஷினை நிறுத்திவிட்டு, இரும்புத் தூள் ஒட்டிய கையோடு ஒரு பழைய டயரியை எடுத்துவந்து விரித்தார். மகனுக்கு ஆன செலவெல்லாம் அதில் வரிசையாக இருந்தது. முதல் வரி டயர். இரண்டாவது எஞ்சின் பிரித்துச் சேர்த்தது. மூன்றாவது, ஒரு சுற்றில் முட்டிக்கொண்டதில் போன மூக்கும் சஸ்பென்ஷன் கம்பிகளும். பிறகு மெக்கானிக் கூலி, வண்டி வாடகை. எங்கள் பதிவுக் கட்டணம் ஆறாவது வரியில் இருந்தது.

"ஏனுங்க தம்பி, நீங்க வாங்கறது எனக்குப் பெருசே இல்லீங்க," என்றார். "இந்த மேல இருக்கற நாலு வரியத்தான் என்னால தாங்க முடியலீங்க."

நாங்கள் அதற்கு முந்தைய மாதம்தான் பதிவுக் கட்டணத்தில் பத்து வீதம் தள்ளுபடி அறிவித்துப் பெரிய உபகாரம் செய்ததாக நினைத்திருந்தோம்.

மேலே இருக்கிற நாலு வரியை வெட்டுங்கள்

வழிகாட்டியின் நெஞ்சு இந்தப் பகுதிதான், ஆறுதலாக வாசியுங்கள்.

மலிவாக ஓட்ட வேண்டும் என்ற யோசனையில் பிறந்த வகுப்புகள்தான் நீண்ட நாள் உயிரோடு இருக்கின்றன. இங்கிலாந்தில் 1967இல் போர்முலா ஃபோர்ட் தொடங்கியது. ரேஸ் பள்ளிக்கூடம் ஒன்றில் விலை கூடிய எஞ்சினும் டயரும் தேய்ந்து தேய்ந்து கட்டுப்படியாகாமல் போனதுதான் அதற்கு மூலம். வீதியில் ஓடுகிற ஃபோர்ட் காரின் எஞ்சின், வீதி டயர், இறக்கை கிடையாது, முழுக் காரும் 1000 பவுணுக்குள் என்று தொடங்கினார்கள். கெண்ட் என்ற பழைய ஃபோர்ட் எஞ்சின் போட்ட கார்கள் இன்றும் அங்கே ஓடுகின்றன. அமெரிக்காவில் போர்முலா வீ, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் சாமான்களை வைத்தே ஓடியது. கோவையில் 1980களின் இறுதியில் பந்தய ஓட்டுநர் கரிவர்தன் செய்த போர்முலா மாருதியும் அதே வழிதான். மாருதி 800 எஞ்சினை ஒற்றை இருக்கைச் சட்டத்தில் ஏற்றினார். பின்னால் போர்முலா 1 வரை போன நாராயண் கார்த்திகேயனும் அந்தக் காரை ஓட்டிய ஆள்தான். 1995இல் விமான விபத்தில் இறந்த கரிவர்தனின் பெயர்தான் அந்த ஸ்பீட்வேக்கு.

நம் ஊருக்கும் இதில் பாடம் இருக்கிறது. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை இலங்கையில் வாகன இறக்குமதி நின்றுகிடந்தது. இங்கே யாராவது ஒரு வகுப்பைத் தொடங்கினால், பழைய சாமான் கடையில் கிடைக்கிற எஞ்சினை வைத்துத்தான் தொடங்க வேண்டும். ஆல்ட்டோ ஓடாத தெரு மட்டக்களப்பில் உண்டா?

இனி டயர். ஒரே கம்பனி, ஒரே வகை, கொஞ்சம் கடினமான ரப்பர். சுற்றுக்கு இரண்டு செட் என்பதை இரண்டு சுற்றுக்கு ஒரு செட் ஆக்குங்கள். பதிவின்போதே டயர்ப் பக்கச் சுவரில் பெயின்டால் குறி போட்டு எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மாற்றிவிடுவார்கள். முடிந்தால் கோடு வெட்டிய டயரையே மழைக்கும் வெயிலுக்கும் வையுங்கள். மழைக்கென்று தனி செட் வாங்கி, ஒரு தடவையும் பாவிக்காமல் கராஜில் வெடிப்பு விழுந்துபோன டயர்களை நான் எண்ணியிருக்கிறேன். தடத்தை ஒரு தடவை சுற்றிவருகிற நேரம் இரண்டு செக்கன் கூடும் என்று வேகப் பிரியர்கள் சொல்வார்கள். எல்லோருக்கும்தான் கூடும்.

எஞ்சினுக்குக் கம்பியும் ஈய முத்திரையும் போடுங்கள். முத்திரையை உடைத்துத் திறக்க வேண்டுமானால் தொடரின் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். இன்னும் ஒரு படி போனால், எஞ்சின்கள் எல்லாவற்றையும் தொடரே வைத்திருந்து பருவத் தொடக்கத்தில் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கலாம். அமெரிக்காவின் சிறு தடங்கள் சிலவற்றில் வேடிக்கையான ஒரு விதி உண்டு: வென்றவனின் எஞ்சினை, முன்கூட்டியே குறித்த விலைக்கு மற்ற ஓட்டுநர் கேட்டு வாங்கலாம். எஞ்சினுக்குள் காசைக் கொட்டுகிற ஆசை தன்னாலே அடங்கிவிடும்.

சோதனை ஓட்டத்தைப் போட்டி வாரத்துக்கு வெளியே தடைசெய்யுங்கள். காசுள்ளவன் மாதம் நாலு நாள் தடத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டினால், காசில்லாதவன் அதைப் பார்த்தே மனம் விட்டுப்போவான்.

முட்டிக்கொள்வதற்கான செலவை முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் மூக்கு, இறக்கை, சஸ்பென்ஷன் கம்பி போன்ற அடிக்கடி உடைகிற சாமான்களைத் தொடரே மொத்தமாகச் செய்வித்து, வாங்கின விலைக்கே தடத்தில் விற்கலாம். நாங்கள் லொறியின் பின்பக்கத்தில் சாமான் அடுக்க ஒரு இறாக்கைத் தட்டு அடித்து வைத்தோம். நல்ல கைக்காரர் ஒருவரிடம் நாற்பது கம்பி ஒரே தடவையில் செய்யக் கொடுத்தால், ஒன்றொன்றாகச் செய்வதைவிட விலை கண்ணுக்குத் தெரிய இறங்கும்.

கடைசியாக, விதிகளை ஐந்து வருடத்துக்குப் பூட்டுங்கள், எழுத்தில். புதுச் சட்டம் வரப்போகிறது என்ற கதை பரவினாலே பழைய காரின் விலை விழுந்துவிடும், பிறகு ஒருவரும் வாங்க மாட்டார்கள். கார் விற்க முடியாத இடத்துக்குப் புது ஓட்டுநர் வரவும் மாட்டார்.

நாட்களைக் கூட்டாக வாங்குங்கள்

தனியாக ஒரு தடத்தை வாடகைக்கு எடுக்கிற காலம் சின்னத் தொடருக்கு முடிந்துவிட்டது. மோட்டார் சைக்கிள்காரரோடும் சாதாரணக் கார் வகுப்போடும் சேர்ந்து ஒரு நாளை வாங்குங்கள். பங்கைக் காரின் எண்ணிக்கையால் பிரிக்காமல், தடத்தில் ஓடுகிற நிமிடத்தால் பிரியுங்கள். எட்டு மணித்தியாலத்தில் உங்களுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் நாலில் ஒரு பங்கு. ஒயில் கொட்டிப் போட்டி தாமதமானால் அந்த நேரம் யார் கணக்கு என்பதையும் அப்போதே எழுதுங்கள். எழுதாவிட்டால் பின்னேரம் நாலரைக்குச் சண்டைதான்.

சுற்றுகளைக் குறையுங்கள். எட்டில் பாதிக் கார் ஓடுவதைவிட ஐந்தில் முழுக் கார் ஓடுவது மேல். நாட்காட்டி போடும்போது ஊர்ப் பணம் எப்போது புழங்குகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கமாக இருந்தால் கார்த்திகை, மார்கழி மழையில் ஒன்றும் செய்ய ஏலாது. பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்து கையில் காசு வருகிற மாசி, பங்குனிதான் பதிவு தொடங்க நல்ல நேரம். ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம். அந்தக் கிழமை போட்டி வைத்தால் மார்ஷலும் வர மாட்டார், பார்க்கவும் ஆள் வராது.

கை வைக்கக் கூடாத இடம்

டாக்டர், அம்புலன்ஸ், தீயணைப்பு, மார்ஷல், பார்வையாளர் வேலி, மூன்றாம் ஆள் காப்புறுதி. இவற்றில் ஒரு சதமும் குறைக்காதீர்கள். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையில் நடந்த ஃபொக்ஸ் ஹில் போட்டியில் தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்று எட்டு வயதுப் பெண் குழந்தை. வேலிக்கு வழியில்லை என்றால் பார்வையாளரை விடாமல் போட்டியை நடத்துங்கள். சின்னத் தொடருக்கு நுழைவுச்சீட்டால் வருகிற காசு எப்படியும் பெரிதாக இருக்காது.

வண்டி சோதிக்க, நிறை பார்க்க, நேரம் குறிக்க மாணவர்களைச் சேர்க்கலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, அம்பாறையில் ஹார்டி தொழினுட்ப நிறுவனம் இருக்கிறது. சாப்பாடும் பயணமும் சான்றிதழும் கொடுத்தால் ஆர்வத்தோடு வருவார்கள். ஆனால் கொடி பிடிக்கிற வேலைக்குப் பயிற்சி இல்லாத பிள்ளைகளை நிறுத்த வேண்டாம்.

அனுசரணை: கோயில் உபயம் மாதிரிப் பிரியுங்கள்

நம் கோயில் திருவிழா எப்படி வருடா வருடம் தவறாமல் நடக்கிறது? ஒரு முதலாளியிடம் மொத்தத்தையும் கேட்பதில்லை. முதலாம் திருவிழா இந்தக் குடும்பம், இரண்டாம் திருவிழா அந்தத் தெரு என்று உபயகாரருக்குப் பிரித்துவிடுகிறோம். ஒருவர் ஒரு வருடம் நொடிந்தாலும் தேர் ஓடும். உங்கள் தொடரையும் அப்படிப் பிரியுங்கள்: ஒரு சுற்று டயர்க் கடைக்கு, மார்ஷல் சாப்பாடு ஒரு பேக்கரிக்கு, நேரக் கருவி ஒரு கணினிக் கடைக்கு. எந்தத் தனி ஆளின் பணமும் மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஐரோப்பாவில் போர்முலா ரெனோ 3.5 தொடருக்கு 2015 முடிவில் ரெனோ ஆதரவை எடுத்துக்கொண்டது. பெயரை மாற்றி இரண்டு பருவம் ஓட்டிப் பார்த்தார்கள், 2017க்குப் பிறகு கார் சேரவில்லை. பெண்களுக்காக 2019இல் தொடங்கிய டபிள்யூ சீரீஸில் ஓட்டுநர்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. நோக்கம் நல்லது, உலகம் முழுக்கப் பெயர். வெளிப்பணம் தடைப்பட்டதும் 2022 பருவத்தைப் பாதியில் முடித்தார்கள், அடுத்த வருடம் நிறுவனமே விழுந்தது. ஓட்டுநர் கட்டணத்தால் அன்றாடச் செலவு ஓட வேண்டும். அனுசரணை கறிக்கு உப்பு மாதிரி. உப்பைச் சமைத்துச் சாப்பிட முடியாது.

சாமானாகத் தருகிறேன் என்பவர்களிடம் கவனம். ஒரு கம்பனி எங்களுக்கு "ஒயில் அனுசரணை" தந்தது. பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பார்த்தால் டீசல் லொறிக்கு ஊற்றுகிற ஒயில். காரின் பக்கத்தில் அவர்கள் பெயரை எழுதியாயிற்று, மேடையில் நன்றியும் சொல்லியாயிற்று. கடைசியில் டிராக்டர்க்காரருக்குப் பாதி விலைக்கு விற்றோம், அதுவும் நானே டெம்போவில் ஏறிப்போய். அதற்குப் பிறகு எங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்ந்தது: சாமான் என்றால், நாங்கள் கடையில் காசு கொடுத்து வாங்க இருந்த சாமானாக இருக்க வேண்டும்.

கேட்கப் போகும்போது "விளம்பரம் கிடைக்கும்" என்று சொல்லாதீர்கள், எல்லாக் கழகமும் அதைத்தான் சொல்கிறது. டயர்க் கடைக்காரரின் வாடிக்கையாளர் பத்துப் பேரைத் தடத்துக்குக் கூட்டிவந்து, காரில் இருத்திப் படம் எடுத்து, மத்தியானச் சாப்பாடு கொடுங்கள். அடுத்த வருடம் அவரே போன் எடுப்பார்.

வெளிநாட்டு உறவுகளிடம் கேட்கலாமா? மென்பந்து கிரிக்கெட் கிண்ணத்துக்குச் சுவிஸிலிருந்து காசு வருகிற ஊர் இது, கேட்கலாம். ஆனால் அதை நாளாந்தச் செலவில் போடாமல், வேலி, மீட்பு வண்டி மாதிரி நிலைத்து நிற்கிற ஒன்றுக்குப் போடுங்கள்.

வாடகைக் கார்

கார் வாங்க வசதியில்லாதவர்களுக்குத் தொடரே நாலைந்து கார் வைத்திருந்து வாடகைக்குக் கொடுப்பது கிரிட்டை, அதாவது போட்டி தொடங்க நிற்கிற கார் வரிசையை, நிரப்ப மிக நல்ல வழி. தேய்மானத்தை மறந்தால் அதுவே புதைகுழி. ஒரு கார் 30 இலட்சம் என்று வையுங்கள். ஐந்து பருவம், பருவத்துக்கு ஐந்து சுற்று, மொத்தம் 25 சுற்று. சுற்றுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம் தேய்மானம் மட்டும். டயரும் கூலியும் பெற்றோலும் அதற்கு மேலே. சம்மாந்துறைப் பக்கம் நெல் வெட்டுகிற மெஷின் வாங்கினவர்களைக் கேளுங்கள். டீசலையும் ஓட்டுநர் சம்பளத்தையும் கழித்து மிச்சத்தை இலாபம் என்று செலவழித்தவர், பெரிய திருத்தம் வரும்போது பாங்கு வாசலில் நிற்பார்.

உடைத்தால் யார் கட்டுவது? முன்பணம் வாங்கி வையுங்கள், அந்தத் தொகை வரைக்கும் ஓட்டுநர், அதற்கு மேல் தொடர். வரம்பு தெரிந்தால்தான் ஒரு தகப்பன் துணிந்து மகனை ஏற்றுவார்.

கையில் காசு

பருவம் தொடங்க முன்பே முழுக் கட்டணத்தில் பாதியை வாங்குங்கள். மிச்சத்தைச் சுற்றுக்குச் சுற்று. கட்டாத காருக்குச் சோதனைச் சீட்டு கொடுக்கக் கூடாது, அவர் தலைவரின் மருமகனாக இருந்தாலும்.

வெளியிலிருந்து வருகிற சாமானைப் பருவத்துக்கு முன்பே மொத்தமாக வாங்கிவிடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ரூபாயில் கட்டணம் வாங்கி டொலரில் டயர் வாங்குகிறவர் அந்த இரண்டு மாதத்தில் என்ன ஆகியிருப்பார்?

பரிசுப் பணத்தை நிறுத்துங்கள். வென்றவருக்கு அடுத்த பருவத்தின் ஒரு செட் டயர், அல்லது இரண்டு சுற்றுப் பதிவு. காசாகக் கொடுத்தால் அது தொடரை விட்டுப் போய்விடும்.

நிறுத்துவதாக இருந்தால்

முதல் சுற்றுக்கு 60 நாள் இருக்கும்போது, முன்பணம் கட்டிய கார்களை எண்ணுங்கள். வருகிறேன் என்று சொன்னவர்களைச் சேர்க்க வேண்டாம். சுவரில் ஒட்டிய எண்ணுக்குக் கீழே இருந்தால், பக்கத்துத் தொடரோடு ஒரே கிரிட்டில் இரண்டு வகுப்பாக ஓட முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாவிட்டால் அந்த வருடத்தை விடுங்கள். இரண்டு கிழமைக்குள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மூக்குகள் வார்க்கிற அச்சையும் உதிரிச் சாமானையும் கிரீஸ் பூசிப் பூட்டி வையுங்கள், கடனுக்கு ஈடாக யாருக்கும் கொடுக்காதீர்கள். அச்சு போனால் திரும்பத் தொடங்க வழியில்லை.

எங்கள் தொடர் ஒரு வருடம் அப்படித்தான் கிடந்தது. முன்பணம் எல்லாவற்றையும் நானே காசோலை எழுதித் திருப்பி அனுப்பினேன். அடுத்த தை மாதம் புது விதிகளை ஒரு தாளில் அடித்து, பழைய ஓட்டுநர் எல்லோருக்கும் தபாலில் போட்டோம். மூன்றாம் நாள் லேத் பட்டறைக்காரர் போன் எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"டயரு ரெண்டு ரவுண்டுக்கு ஒரு செட்டுன்னு போட்டிருக்குதுங்களே தம்பி, நெசந்தானுங்களா?"

நிஜம்தான் என்றேன். முன்பணம் எவ்வளவு, யார் பெயருக்குக் காசோலை என்று கேட்டு எழுதிக்கொண்டார்.